வானம் பார்த்த மண்ணில் ஆசியும் சாபமும்

திருநீற்றுப் புதனுக்கு அடுத்த நாள் திருப்பலியில், ஆண்டுதோறும் இணைச்சட்ட நூலின் முப்பதாம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதியைத் திருச்சபை நமக்கு வாசித்துக் காட்டுகிறது. வாழ்வையும் சாவையும், ஆசியையும் சாபத்தையும் மக்கள் முன் வைத்து, வாழ்வைத் தேர்ந்துகொள்ளுமாறு மோசே மன்றாடும் பகுதி அது. மதுரைச் சமவெளியில் அது பெரும்பாலும் மாசி மாதத்து நாளாக இருக்கும். கதிர் அறுத்த வயல்கள் வெடிக்கத் தொடங்கியிருக்கும். கண்மாய்களில் நீர் உள்வாங்கியிருக்கும். வரப்போகும் கோடையை எண்ணி உழவன் வானத்தை நோக்கும் காலத்தில், ஆசியும் சாபமும் பற்றிய அந்த வாசகம் நம் காதில் விழுகிறது.

மழை பொய்த்தால் நாட்டில் பாவம் பெருகிவிட்டது என்பது நம்மிடையே வழங்கும் பழைய பேச்சு. விவிலியமும் அதையே சொல்வதாகப் பலர் கருதுகின்றனர். ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்தால் மழை, கீழ்ப்படியாவிட்டால் பஞ்சம் என்ற எளிய கணக்காக எபிரேய மறைநூல்களைப் படித்துவிட்டால், பசியால் மடிந்தவர்களையெல்லாம் பாவிகள் என்று கூறும் கொடுமையில் போய் முடியும். அந்தக் கணக்கு சரிதானா? இம்மண்ணிலேயே நிகழ்ந்த ஒரு பெரும் பஞ்சத்தின் வரலாற்றை அந்நூல்களோடு சேர்த்துப் படித்து விடை தேட முயல்வோம்.

வானத்தை நம்பிய நிலம்

இணைச்சட்டத்தின் பதினோராம் அதிகாரத்தில் நம் ஊர் உழவனுக்கு உடனே விளங்கும் ஓர் ஒப்பீடு உண்டு. எகிப்து நாட்டில் நீரைக் காலால் பாய்ச்சி, காய்கறித் தோட்டத்தைப் போல் நிலத்தைப் பேணினார்கள். நைல் நதி ஆண்டுதோறும் தவறாமல் பெருகும். அதன் நீரை வாய்க்கால் வழியே திருப்பிக்கொள்ளலாம். இஸ்ரயேலர் நுழையவிருந்த கானான் நாடோ மலைகளும் பள்ளத்தாக்குகளும் உடையது. வானிலிருந்து விழும் மழையைக் குடிப்பது. ஆண்டின் தொடக்கம் முதல் இறுதிவரை ஆண்டவரின் பார்வை அந்நிலத்தின்மீது இருக்கிறது என்கிறது அந்நூல்.

நம் வழக்கில் இதற்கு வானம் பார்த்த பூமி என்று பெயர். மதுரைக்குக் கிழக்கேயும் தெற்கேயும் விரியும் சமவெளி அத்தகையதே. வைகை ஆண்டில் பல மாதங்கள் மணலாகவே கிடக்கும் ஆறு. பெருகும் காலத்திலும் அதன் நீர் கண்மாய் கண்மாயாகப் பிரிந்துபோய், எஞ்சியது இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயைச் சேரும். கடலைக் காண்பது அரிது. வடகிழக்குப் பருவமழை ஒருமுறை தவறினால் கண்மாய் நிரம்பாது. இருமுறை தவறினால் விதைநெல்லும் உணவாகிவிடும். இத்தகைய நிலத்தில் வாழும் மக்களுக்கே ஆசி என்பது மழை என்றும், சாபம் என்பது வறண்ட வானம் என்றும் எவரும் விளக்காமலே புரியும்.

அந்நூலின் இருபத்தெட்டாம் அதிகாரத்தில் ஆசிகள் பதினான்கு வசனங்களில் முடிந்துவிடுகின்றன. சாபங்களோ அதன்பின் ஐம்பத்து நான்கு வசனங்களுக்கு நீள்கின்றன. வானம் உலோகத் தகடாய் இறுகிப்போவதும், மண் இரும்பாய்க் கெட்டிப்படுவதும், முற்றுகையின் பசியில் பெற்றோர் தம் பிள்ளைகளையே உண்ணத் துணிவதும் அங்கே சொல்லப்படுகின்றன. படிப்பவர் மனம் நடுங்கும். அந்தச் சொற்கள் எந்தச் சூழலில் பிறந்தன என்பதை அறிந்தால் அவற்றின் நோக்கமும் விளங்கும்.

1955-ஆம் ஆண்டில், பழைய அசீரியத் தலைநகர்களுள் ஒன்றான நிம்ரூதில் களிமண் பலகைகள் பல கண்டெடுக்கப்பட்டன. அசீரியப் பேரரசன் எசர்ஹத்தோன் கி.மு. 672-இல் தனக்கு அடங்கிய சிற்றரசர்களிடம் வாங்கிய உறுதிமொழிகள் அவற்றில் இருந்தன. தன் வாரிசுக்கு உண்மையாய் இராதவன்மீது வானம் வெண்கலமாகட்டும் என்பன போன்ற சாபங்கள் அங்கேயும் அடுக்கப்பட்டுள்ளன. இணைச்சட்டத்தின் ஆசிரியர்கள் இத்தகைய ஆவணங்களின் நடையை அறிந்திருந்தனர் என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. பேரரசன் தனக்கென்று கோரிய முழுமையான கீழ்ப்படிதலை இஸ்ரயேல் அவனுக்குக் கொடுக்க மறுத்தது. அது ஆண்டவர் ஒருவருக்கே உரியது என்றது. ஆகவே இணைச்சட்டம் கற்பிக்கும் கீழ்ப்படிதல், எந்த அரசனின் அதிகாரத்துக்கும் ஓர் எல்லைக் கல்லை நாட்டுகிறது.

கேள் என்னும் சொல்

எபிரேய மொழியில் கீழ்ப்படிதலுக்கெனத் தனிச் சொல் ஒன்றைத் தேடினால் பெரும்பாலும் ஷெமா என்ற சொல்லிடமே வந்து சேர்வோம். அதன் நேர்ப்பொருள் கேள் என்பது. யூதர்கள் நாள்தோறும் சொல்லும் நம்பிக்கை அறிக்கை இச்சொல்லோடுதான் தொடங்குகிறது. தமிழர்க்கு இது புதிதன்று. பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று நாம் கூறும்போது, காதால் கேட்பதையும் அதன்படி நடப்பதையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். வள்ளுவரும் கேள்வி என்று ஓர் அதிகாரமே வகுத்தார். வழக்கை முழுதும் கேளாமல் தீர்ப்பளித்த பாண்டியனின் கதையை நம் மதுரை இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்றையும் கருத வேண்டும். எபிரேய மறைநூல்களில் மனிதர் மட்டும் கேட்பதில்லை, ஆண்டவரும் கேட்கிறார். எகிப்தில் அடிமைகளின் பெருமூச்சை அவர் கேட்டதால்தான் விடுதலைப் பயணமே தொடங்கியது. கைம்பெண்ணையும் அனாதையையும் ஒடுக்கினால் அவர்கள் எழுப்பும் குரலைத் தாம் கேட்கப் போவதாக அந்நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் அவர் எச்சரிக்கிறார். கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டத்தின் இருபத்து நான்காம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கொடாவிட்டால் அவன் ஆண்டவரை நோக்கி முறையிடுவான், அது பாவமாகும் என்று காரணமும் சொல்கிறது. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை அன்னியனுக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் விட்டுவிட வேண்டும். அப்போதுதான் கையின் உழைப்புக்கு ஆசி கிடைக்கும் என்கிறது.

இவற்றைச் சேர்த்து நோக்கினால், கீழ்ப்படிதல் என்பதன் உட்பொருள் தெளிவாகும். ஆண்டவர் கேட்கும் குரலை நாமும் கேட்பதே அவருக்குக் கீழ்ப்படிவது. அந்தக் குரலுக்குச் செவியடைத்துக்கொண்ட சமூகம் தன் அழிவைத் தானே தேடிக்கொள்கிறது. அதையே மறைநூல் தீர்ப்பு என்கிறது.

தாது ஆண்டுப் பஞ்சம்

இந்த அளவுகோலோடு நம் வரலாற்றுக்கு வருவோம். 1876-இல் பருவமழை பொய்த்தது. அது தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது ஆண்டு. அதனால் 1878 வரை நீடித்த அந்தக் கொடுங்காலத்தைத் தாது வருடப் பஞ்சம் என்றே நம் முன்னோர் அழைத்தனர். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியும், மைசூர், ஐதராபாத், பம்பாய்ப் பகுதிகளும் அதில் சிக்கின. சென்னை மாகாணத்தில் மட்டும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். 1881-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாகாணத்தின் மக்கள் தொகை 1871-இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. பசி மட்டுமன்று, காலராவும் அம்மையும், 1877-இன் இறுதியில் மழை திரும்பியபோது வந்த காய்ச்சலும் வலுவிழந்த உடல்களை வாரிக்கொண்டு போயின.

முதலில் விழுந்தவர்கள் யார்? நிலமில்லாத கூலிகள், அவர்களுள் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மக்கள். அடுத்து, துணி வாங்க ஆளின்றித் தறியை நிறுத்திய நெசவாளர்கள். களஞ்சியத்தில் நெல் வைத்திருந்தவன் சாகவில்லை. 1875-இல்தான் மதுரைக்கு இரயில் வந்திருந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அது தூத்துக்குடிவரை நீண்டது. தானியம் வந்து சேர வழி இருந்தது. வாங்கக் கையில் காசில்லாதவனுக்கு அந்த வழியால் பயனில்லை. விலை ஏறும் இடத்தைத் தேடி வணிகர் தானியத்தை நகர்த்தினர். அதே ஆண்டுகளில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது.

1877 சனவரி முதல் நாள் டெல்லியில் அரச தர்பார் கூடியது. விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு தலைமையில் விருந்துகளும் அணிவகுப்புகளும் நடந்தன. அம்மாதமே சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்சப் பகுதிகளுக்குச் சிறப்பு ஆணையராக அனுப்பப்பட்டார். செலவைக் குறைப்பது அவருக்கு இடப்பட்ட பணி. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதற்கு மேல் சிறிது காசும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். வரலாறு இதை டெம்பிள் கூலி என்று குறிக்கிறது.

இந்த மனிதரின் கதையில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1874-இல், பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து மக்களைக் காத்தவர் இதே டெம்பிள். அங்கே பசிச்சாவு மிகக் குறைவு. ஆனால் பணத்தை வீணாக்கிவிட்டார் என்று மேலிடம் அவரைக் கண்டித்தது. அந்தக் கண்டனத்தை அவர் நன்றாகவே கேட்டுக்கொண்டார். சென்னை மாகாணத்தில் அவர் கீழ்ப்படியாதவராய் இருக்கவில்லை. யாருக்குக் கீழ்ப்படிந்தார் என்பதே கேள்வி.

அதே அரசின் மருத்துவ அதிகாரி ஒருவர் வேறு விதமாக நடந்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்த உணவில் உழைக்கும் உடல் வாழ முடியாது என்று எண்ணிக்கைகளோடு எதிர்த்து எழுதினார். நிவாரண முகாம்களில் மெலிந்த உடல்களைப் பார்த்தவர் அவர். 1877-ஆம் ஆண்டின் நடுவில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னையிலிருந்து எழுந்த வேண்டுகோளைக் கேட்டு, இங்கிலாந்தின் எளிய மக்கள் உட்படப் பலரும் 6 இலட்சம் பவுண்டுக்கு மேல் நிதி அனுப்பினர் என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். செவிகள் எல்லாம் அடைபட்டிருக்கவில்லை.

தீர்ப்பு யார்மீது?

இப்போது நம் முதல் கேள்விக்குத் திரும்புவோம். இந்தப் பஞ்சம் இறைத் தீர்ப்பா? மழை நின்றதை மாண்டவர்களின் பாவத்தோடு இணைப்பவர், இறைவாக்கினர்களைச் சரியாகப் படிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆமோஸ் நூலின் நான்காம் அதிகாரம் பஞ்சத்தையும் மழையின்மையையும் ஆண்டவரின் எச்சரிக்கைகளாக அடுக்குகிறது. அந்த அதிகாரம் யாரை விளித்துத் தொடங்குகிறது என்று பாருங்கள்: ஏழைகளை நசுக்கி, மதுவும் விருந்துமாய் வாழ்ந்த சமாரியச் செல்வர் வீட்டுப் பெண்களை. எட்டாம் அதிகாரத்தில் வணிகர்கள் வருகிறார்கள்; மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, பதரையும் சேர்த்து விற்கிறார்கள். தீர்ப்பின் விரல் அவர்களை நோக்கி நீள்கிறது. பசித்தவனை நோக்கி அன்று.

அரசர் முதல் நூலில் ஆகாபு காலத்து வறட்சியும் அத்தகையதே. நாடு பஞ்சத்தில் வாடும்போது, அரசன் தன் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் புல் தேடி நாட்டைச் சுற்றுகிறான். இஸ்ரயேலுக்குத் துன்பம் கொண்டுவந்தவன் நீயே என்று எலியாவைக் குற்றஞ்சாட்டுகிறான். எலியாவோ குற்றத்தை அரண்மனைக்கே திருப்பி அனுப்புகிறார். அதே வறட்சியில், அடுத்த வேளைக்கு வழியற்ற சாரிபாத்துக் கைம்பெண் இறைவாக்கினருக்கு அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள். அவளது பானையில் மாவு குறையவில்லை. தீர்ப்பு அரண்மனைக்கு, ஆசி அந்தப் பிறவினத்து ஏழைப் பெண்ணின் குடிசைக்கு.

கீழ்ப்படிந்தும் துன்புற்றவர்களின் குரலுக்கும் எபிரேய மறைநூலில் இடமுண்டு. உடன்படிக்கையை மீறாத எங்களுக்கு ஏன் இந்த அவலம் என்று நாற்பத்து நான்காம் திருப்பாடல் ஆண்டவரிடமே முறையிடுகிறது. யோபுவின் நண்பர்கள் துன்பத்தைப் பாவத்தின் கூலி என்று நெடுநேரம் விளக்கினர்; நூலின் முடிவில் ஆண்டவர் சினந்துகொண்டது யோபுமீது அன்று, அந்த நண்பர்கள்மீது.

தாது ஆண்டுப் பஞ்சத்தைப் பாடிய சிவகங்கைச் சீமைப் புலவர் வில்லியப்ப பிள்ளையும் இதையொத்த ஒரு வழியையே கண்டார். பஞ்சலட்சணத் திருமுக விலாசம் என்ற அவரது எள்ளல் நூலில், பசித்த அடியார்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார்கள். அவரோ தம்மால் இயலாது என்று சொல்லி, சிவகங்கை மன்னருக்குத் திருமுகம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். நகைப்பூட்டும் கற்பனைதான், ஆயினும் அதன் அடியில் ஓர் உண்மை உறைகிறது. தெய்வத்திடம் எழுப்பிய முறையீடு, களஞ்சியம் உடைய மனிதனின் வாசலில் வந்து நிற்கிறது. மன்னன் கேட்பானா என்பதே எஞ்சும் கேள்வி.

உணவு தேடிப் போனவர்கள்

பஞ்சத்தில் மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து பல்லாயிரம் பேர் கடல் கடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். வழியில் இறந்தவர்களும் உண்டு. தெற்கே திருநெல்வேலிப் பகுதியில் பல்லாயிரம் பேர் சபைகளை நாடி வந்தனர். அவர்களைச் சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று இகழும் வழக்கம் அன்றே பிறந்தது. இன்றும் முற்றும் ஓயவில்லை.

இந்த இகழ்ச்சிக்கு நாம் கூச வேண்டியதில்லை. ஆபிரகாம் பஞ்சத்தால் எகிப்துக்குப் போனார். யாக்கோபின் மக்கள் தானியம் வாங்கப் போய் அங்கேயே குடியேறினர். பெத்லகேமில் பஞ்சம் வந்ததால் எலிமலேக்கின் குடும்பம் மோவாபுக்குப் போயிற்று. அங்கிருந்து திரும்பிய ரூத்து, வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கி மாமியாரைக் காத்தாள். தாவீதின் முன்னோர் வரிசையில் இடம் பெற்றாள். இறைமக்களின் வரலாறே பசித்தவர்கள் உணவு தேடி நடந்த வரலாறுதான். பசித்து வந்தவனை எப்படி ஏற்றோம் என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. வந்தவர்களைச் சாதி பார்த்துத் தனி இடத்தில் அமர்த்திய கோவில்களும், இறந்தபின் தனிக் கல்லறையில் புதைத்த ஊர்களும் நம் வரலாற்றில் உண்டு. அதே பாகுபாட்டின் தடங்கள் நம் பங்குகளில் எங்கே எஞ்சியிருந்தாலும், இணைச்சட்டத்தின் இருபத்தேழாம் அதிகாரம் அங்கே உரக்க வாசிக்கப்பட வேண்டும். அன்னியனுடைய, அனாதையுடைய, கைம்பெண்ணுடைய நீதியைப் புரட்டுபவன்மீது விழும் சாபத்துக்கு மக்கள் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. அந்த ஆமென் நம்மையும் கட்டுகிறது.

யோசேப்பும் நெகேமியாவும்

பஞ்ச காலத்து ஆட்சியாளர் இருவரை மறைநூல் நமக்குக் காட்டுகிறது. யோசேப்பு ஏழு ஆண்டு விளைச்சலைச் சேமித்து எகிப்தைக் காத்தார் என்பதை நாம் நன்கறிவோம். தொடக்க நூலின் நாற்பத்தேழாம் அதிகாரத்தை அவ்வளவாகப் படிப்பதில்லை. அங்கே தானியத்துக்கு ஈடாக மக்களின் பணமும், பிறகு கால்நடையும், பிறகு நிலமும், இறுதியில் அவர்களின் உரிமையும் பார்வோன் கைக்குப் போகின்றன. உயிர் பிழைத்தது, ஆனால் மக்கள் அடிமைகளாயினர். சில பக்கங்கள் தாண்டினால், யோசேப்பை அறியாத வேறொரு பார்வோனின் கீழ் இஸ்ரயேலரே அடிமைகளாய்ச் செங்கல் அறுக்கிறார்கள்.

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம் மற்றொரு வழியைக் காட்டுகிறது. பஞ்சத்தில் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமையாக்கிய ஏழைகளின் கூக்குரலை ஆளுநர் நெகேமியா கேட்கிறார், கடுஞ்சினம் கொள்கிறார். செல்வரைக் கூட்டி, வயல்களையும் வீடுகளையும் வட்டியையும் திருப்பித் தரச் செய்கிறார். தமக்குரிய ஆளுநர் படியையும் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் வாங்கவில்லை. கேட்டல், சினத்தல், செயல்படல் என்ற இம்மூன்றும் சேர்ந்ததே அவரது கீழ்ப்படிதல்.

மலையைக் கடந்து வந்த நீர்

தாது ஆண்டின் சாவுகள் முற்றிலும் வீணாகவில்லை. 1880-இல் பஞ்சக் குழுவின் அறிக்கை வந்தது. அதன்பின் பஞ்ச நிவாரண விதிகள் வகுக்கப்பட்டன. மேற்கே வீணாய்ப் பாயும் பேரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பலாம் என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தில் எழுந்திருந்தது. பல முறை ஆராய்ந்து ஒத்திவைக்கப்பட்ட அத்திட்டம், பஞ்சத்துக்குப் பின் 1882-இல் பொறியாளர் பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1887-இல் தொடங்கிய வேலை 1895 அக்டோபரில் நிறைவேறி, ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்துவைத்தார். மலைக்காட்டில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலியான கூலியாள்கள் பலர். மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலங்கள் நெல்வயல்களாயின.

வானத்தை மட்டுமே நம்பியிருந்த கானானைப் போன்ற மண்ணின் ஒரு பகுதி, வாய்க்கால் நீர் பாயும் எகிப்தைப் போல் ஆயிற்று. இதை ஆசி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் நீர் வந்த இடத்தில் பங்கீட்டுக் கேள்வியும் உடன் வந்தது. தலைமடைக்காரன் மடையைத் திறந்துகொண்டால் கடைமடைக்காரனின் பயிர் கருகும். வயிறு நிறைந்தபின் ஆண்டவரை மறந்துவிடாதே என்று இணைச்சட்டத்தின் எட்டாம் அதிகாரம் எச்சரிப்பது இத்தகைய வேளைக்கே. பஞ்சத்தைப் போலவே விளைச்சலும் ஒரு சோதனை.

சிலோவாம் கோபுரம் இடிந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் என்று எண்ணுகிறீர்களா என்று நம் ஆண்டவர் கேட்டு, இல்லை என்று தாமே விடையும் தந்தார். உடனே கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனம் மாறுமாறு அழைத்தார். இறந்தவர்களைப்பற்றித் தீர்ப்பெழுதும் வேலையை நம்மிடமிருந்து எடுத்துவிட்டு, உயிரோடிருக்கும் நம் செவிகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்.

இனி மழை தாமதிக்கும் ஆண்டுகளில் நம் பங்குகளில் மழைக்காகச் செபமாலை சொல்வோம். வழக்கம்போல் பவனியும் போவோம். அது நல்ல வழக்கம். அன்று மாலையே, கூலி நிலுவையோடு வீடு திரும்பும் உழைப்பாளி நம் தெருவில் உண்டா, கடைமடையில் நீர் சேராத வயல் நம் ஊரில் உண்டா, பிழைப்புத் தேடி வெளியூரிலிருந்து வந்து நம் கட்டடங்களில் மண் சுமப்பவர் பசியோடு உறங்குகிறாரா என்றும் கேட்டறிவோம். நாம் வானத்தை நோக்கி எழுப்பும் மன்றாட்டைக் கேட்பவர், அவர்களின் குரலையும் அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.